நடை வேகத்துக்கு ஒரு ஃபேன்

தமிழரசி அந்த ஃபேனைக் கவுண்டர்மேல் குப்புறப் போட்டு, பக்கத்தில் ஒரு துண்டு ஈர்க்குச்சியை நிறுத்திப் பார்த்தாள். மோட்டாரின் முதுகு குச்சியைத் தாண்டி மேலே நின்றது.

"இது உள்ள போகாதுங்க. வாட்டர் பம்புல இடிக்கும்," என்று ஃபேனைத் தள்ளி வைத்தாள்.

கடைக்காரர் ஸ்ரீதர் மறுபடியும் ஏணியில் ஏறினார். போர்ட் பிளேரில், ஹேடோவில் கப்பல் துறைக்குப் போகிற வழியில் அவருடைய உதிரிபாகக் கடை இருந்தது. கும்பகோணத்திலிருந்து வந்து கடை போட்டவர். அவரிடம் இல்லாத சாமான் கிடையாது. நாம் கேட்கிற சாமான் மட்டும் எப்போதும் அடுத்த கப்பலில் வந்துகொண்டிருக்கும். லாரிக்கு எலக்ட்ரிக் ஃபேன் பார்க்க ஒரு பொம்பளை வந்ததே அவருக்குப் புதுசு. டேப் கொண்டுவராமல் விளக்குமாற்றுக் குச்சி கொண்டுவந்தது அதைவிடப் புதுசு. சிரிப்பை மீசைக்குள் ஒளித்துக்கொண்டார். தமிழரசி அதைக் கவனித்தாள், பொருட்படுத்தவில்லை.

குச்சிகள் இரண்டும் அவள் அப்பா ராக்கப்பன் ஒடித்துக் கொடுத்தவை. நீளமானது ரேடியேட்டரின் அகலம். குட்டையானது ரேடியேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் இருக்கிற சந்து. அவர்களுடைய தீவு ஊரான ஹட் பேயிலிருந்து அவரைப் போர்ட் பிளேர் ஆஸ்பத்திரிக்குக் கப்பலேற்றிய அன்று, மூச்சு வாங்க வாங்க லாரியின் பானட்டைத் திறக்கச் சொல்லி, அளந்து, ஒடித்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நெஞ்சில் நீர் கோர்த்து, படுத்தால் மூச்சு முட்டுகிற மனுஷன். போர்ட் பிளேர் போகிறோம், முதலில் ஃபேன் வாங்கிவிட வேண்டும் என்பதுதான் அவருடைய திட்டம். வைத்தியம் அதற்கு அடுத்தபடி.

ஃபேன் இல்லாத வண்டி அல்ல அது. இன்ஜினோடு சேர்ந்து பெல்ட்டில் சுற்றுகிற ஃபேன் இருந்தது. வண்டி ஓடும்போது அது போதும். ஆள் நடக்கிற வேகத்தில் போகும்போதுதான் வினை. இன்ஜின் மெதுவாகச் சுற்றினால் அந்த ஃபேனும் சோம்பேறியாகிவிடும். எதிர்க்காற்றும் இருக்காது. ரேடியேட்டர் கொதித்துவிடும். புத்தியுள்ள லாரிக்காரன் எவனும் நடை வேகத்தில் ஓட்ட மாட்டான். ராக்கப்பன் ஓட்டினார். ஊரில் யார் செத்தாலும் சுடுகாட்டுக்கு அவருடைய லாரிதான்.

அது சுனாமியில் ஆரம்பித்த பழக்கம். அன்று கரையில் கிடந்த உடல்களை அவர் லாரியில்தான் ஏற்றினார்கள். அடுத்த அலை வருகிறது என்று யாரோ கத்த, அவர் பள்ளம் மேடு பார்க்காமல் மேட்டுக்கு விரட்டினார். பின்னால் கிடந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் உருண்டார்கள். அதில் அவரோடு தேயிலைத் தோட்டத்தில் ஒரே லயத்தில் பிறந்து, ஒரே கப்பலில் இலங்கையிலிருந்து வந்து, எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் பக்கத்துப் பக்கத்துப் பத்தியில் குலை வெட்டியவர்களும் இருந்தார்கள். பறை இல்லை, பூ இல்லை, கூட நடக்க ஓர் ஆள் இல்லை. அடுத்த அலை வரவும் இல்லை. அவ்வளவு வேகமாகப் போயிருக்க வேண்டாம் என்று அவரை அது வருஷக்கணக்கில் அரித்தது. தகரக் கொட்டகைகளிலிருந்து ஜனங்கள் புது வீடுகளுக்குக் குடிபோன பிறகு விழுந்த முதல் சாவுக்கு, யாரும் கூப்பிடாமலே லாரியைக் கழுவிக் கொண்டுபோய் நிறுத்தினார். பறைக்காரர்களுக்குப் பின்னால் ஆள் நடக்கிற வேகம். வழியில் இன்ஜினை அணைப்பது கிடையாது. இது அவர் தனக்குத் தானே போட்டுக்கொண்ட சட்டம். நாளாவட்டத்தில் பெங்காலிகள், தெலுங்கர்கள் என்று எல்லோரும் கேட்டு வந்தார்கள். 'ராக்கப்பன் கா காடி', ராக்கப்பனின் வண்டி என்று சொல்லும்போது ஹட் பேயில் எல்லோருக்கும் குரல் கொஞ்சம் தாழ்ந்தது.

போன கோடையில் மளிகைக்கடை ஜெகநாதனின் அம்மாவைக் கொண்டுபோனார்கள். பதினோராம் கிலோமீட்டர் ஏற்றத்தில் லாரி ரேடியேட்டர் மூடியைத் தூக்கி எறிந்துகொண்டு கொதித்தது. முன்னால் போன பறைக்காரர்கள் ஆவிக்குப் பயந்து சிதறி ஓடினார்கள். பாடையை இறக்கித் தோளில் தூக்கிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. ஜெகநாதன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு கட்டுக் கீரைக்கு ஊரைக் கூட்டுகிற மனுஷன் ஒன்றும் சொல்லாமல் போனதுதான் ராக்கப்பனுக்குத் தாங்கவில்லை.

"எலக்ட்ரிக் ஃபேன் போட்டுருவோம் புள்ள," என்றார் மகளிடம். "நமக்கு ஓட்டத்துக்கு ஃபேன் வேணாம். நடைக்கு வேணும்."

ஸ்ரீதர் இரண்டாவது ஃபேனோடு இறங்கினார். சந்தில் நுழைகிற ஒல்லி. ஆனால் கார் ஃபேன், பன்னிரண்டு வோல்ட். லாரியோ இரண்டு பேட்டரி வண்டி, இருபத்துநான்கு. இரண்டு ஃபேன் வாங்கி வரிசையாக இணைத்துவிட்டால் சரியாகப் போயிற்று என்றார் ஸ்ரீதர். ஒன்று பழுதானால் இரண்டும் நின்றுவிடுமே என்றாள் தமிழரசி. தான் ஹட் பே பவர் ஹவுஸில் பேனல் பார்க்கிறவள் என்பதையும் சொன்னாள். அதற்குப் பிறகு ஸ்ரீதர் உள்ளே போய், பஸ் ஏசிக்கு வருகிற ஃபேன் ஒன்றைக் கொண்டுவந்தார். இருபத்துநான்கு வோல்ட். வளைந்த இறக்கைகள். குட்டைக் குச்சிக்கு உள்ளே அடங்கியது, நெட்டைக் குச்சிக்கும் அடங்கியது. கேட்டதுமே இதைக் கொடுத்திருக்கலாம் என்று அவரும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை.

ஃபேனை எப்படி முடுக்குவது என்கிற கேள்வி மிச்சமிருந்தது. ஸ்ரீதர் ஒரு தட்டு சுவிட்சை எடுத்து வைத்தார். டேஷ்போர்டில் பொருத்திக்கொண்டு, வெப்பமானியின் முள் ஏறினால் தட்ட வேண்டியது. எல்லோரும் இதைத்தான் வாங்குகிறார்கள். அப்பாவும் இதைத்தான் சொல்லியனுப்பியிருந்தார். சுவிட்ச் மட்டும் வாங்கு, வேறு பொட்டி கிட்டி எதுவும் வேண்டாம் என்று.

தமிழரசியின் கண் கண்ணாடி அலமாரிக்குள் இருந்த பொட்டியில்தான் இருந்தது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கண்ட்ரோலர். அதிலிருந்து நீள்கிற, சூட்டை அறிகிற உணர்கம்பியை ரேடியேட்டர் தகடுகளுக்கு நடுவில் செருகிவிட வேண்டும். எவ்வளவு சூட்டில் ஃபேன் ஓட வேண்டும் என்று ஒரு திருகில் வைத்துவிட்டால், பிறகு யாருடைய கையும் வேண்டாம். அவளுடைய தம்பி அன்பழகன்தான் இப்போது லாரி ஓட்டுகிறான். நல்ல டிரைவர், பொல்லாத மறதி. டீக்கடைக்குப் போனால் செருப்பை அங்கேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு வருகிறவன். அவனிடம் சுவிட்சைக் கொடுத்தால், ஆவி பறந்த பிறகுதான் சுவிட்ச் ஒன்று இருப்பது ஞாபகம் வரும்.

பொட்டியை எடுத்துக்கொண்டாள். எடுத்தது சரி என்பதில் அவளுக்குத் துளி சந்தேகம் இல்லை. அதை அப்பாவிடம் சொல்வதுதான் பாடு. சுவிட்ச் என்றால் ஓட்டுகிறவர் அப்பா. பொட்டி என்றால் அவர் இல்லை.

ஆஸ்பத்திரியில் ராக்கப்பன் தலையணைகளை முதுகுக்கு முட்டுக் கொடுத்து உட்கார்ந்திருந்தார். மூக்கில் ஆக்சிஜன் குழாய். தமிழரசி ஃபேனை அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்து அவர் மடியில் வைத்தாள். அவர் விரலால் இறக்கையைச் சுற்றி விட்டார். ஆட்டமில்லாமல் சுற்றியது. சுற்றி நிற்கும்வரை பார்த்தார், மறுபடி சுற்றி விட்டார். நர்ஸ் வந்து, படுக்கைமேல் இதென்ன பங்கா என்று ஹிந்தியில் சத்தம் போட்டாள். ஏசி மாட்டப்போவதாக அவளிடம் ஹிந்தியிலேயே சொன்னார். நர்ஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஃபேன் அங்கேயே இருந்தது.

பிறகு அவர் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"சுவிட்ச் எங்க?"

"வாங்கலப்பா. இந்தப் பொட்டி இருந்தா தானா போட்டுக்கும்."

"தானா எதுக்குப் போடணும்? நான் முள்ளப் பாத்துக்கிட்டேதானே ஓட்டுவேன்."

அந்த வாரம் முழுக்க எல்லோரும் அவரிடம் பொய் சொன்னார்கள். டாக்டர் கையைத் தட்டிக்கொடுத்து, 'டீக் ஹோ ஜாயேகா', சரியாகிவிடும் என்றார். மெயின்லேண்டுக்குக் கொண்டுபோனாலும் பெரிதாக ஒன்றும் செய்வதற்கில்லை என்பதை வராந்தாவில் தமிழரசியிடம் சொன்னவரும் அவரேதான். அன்பழகன் போனில், அடுத்த மாசம் நீங்களே ஓட்டலாம் என்றான். தமிழரசியும் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் அப்பாவைச் சின்னப்பிள்ளை மாதிரி நடத்த அவளுக்கு மனசு வரவில்லை.

"இனிமே நீங்க ஓட்டப் போறதில்லப்பா," என்றாள். "அன்புதான் ஓட்டுவான். அவன் மறந்துருவான்."

ராக்கப்பன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே மழைக்கு முந்தைய வெளிச்சம். துறைமுகத்தில் ஏதோ ஒரு கப்பல் ஊதியது. சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ள அவளுக்கு நாக்கு துடித்தது. எடுத்துக்கொள்ளவில்லை. அவர் கை ஃபேன் இறக்கையைப் பிடித்துக்கொண்டே இருந்தது.

திரும்பாமலே கேட்டார்.

"சாவிய எடுத்தா நின்னுருமா?"

"நிக்காது. பேட்டரியிலருந்து நேரா இழுக்கும். சூடு எறங்குற வரைக்கும் ஓடிட்டு அதுவா நிக்கும்."

"டிரைவர் எறங்கிப் போனப்பறமுமா?"

"ஆமாப்பா."

"கிறுக்குப் பய ஃபேனால்ல இருக்கு," என்றார். வாயோரம் கொஞ்சம் கோணியது. கோபம் போய்விட்டது என்பது அவளுக்குத் தெரிந்தது. இந்தப் பக்கம் திரும்பினார். "மாட்டுனதும் முன்னால ஒரு பேப்பர வச்சுப் பாரு. ஒட்டிக்கணும். ஒட்டாம பறந்துச்சுன்னா வயரு மாறியிருக்கு, காத்த வெளிய தள்ளுதுன்னு அர்த்தம்."

பவர் ஹவுஸ்காரிக்கு அது தெரியாததல்ல. சரி என்றாள். வேண்டாம் என்றிருந்தால் மாட்டுவதைப் பற்றிச் சொல்லியிருக்க மாட்டார்.

மத்தியானம் இரண்டு கரண்டி கஞ்சி குடித்தார். உட்கார்ந்தபடியே கண் அயர்ந்தார். மழை வந்ததும் ஜன்னலை அவள் சாத்திவிட்டுத் திரும்பியபோது அவர் கை ஃபேனிலிருந்து நழுவிப் படுக்கைமேல் கிடந்தது. அவள் அதை எடுத்து மறுபடி ஃபேன்மேல் வைத்தாள். கை நிற்கவில்லை. அப்போதுதான் நர்ஸைக் கூப்பிட்டாள்.

மறுநாள் ஹட் பே கப்பலில் அப்பாவைக் கொண்டுபோனாள். ஃபேன் பெட்டியை மேல்தளத்தில் சாமான்களோடு வைக்கச் சொன்ன கப்பல்காரனிடம், உப்புக்காற்று பட்டால் மோட்டார் வீணாகிவிடும் என்று வாதாடி, பெட்டியை உள்ளே அப்பா பக்கத்தில் வைக்க வைத்தாள். செத்தவருக்காக அழாமல் பங்காவுக்காகச் சண்டை போடுகிறாள் என்று கப்பல்காரன் நினைத்திருப்பான். அவள் அழுதது அதற்கப்புறம்தான், குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து மீதி வழியெல்லாம் வயர் எங்கே போக வேண்டும், ஃபியூஸ் எங்கே இருக்க வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

ஹட் பே ஜெட்டிக்கு அன்பழகன் லாரியோடு வந்திருந்தான். வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தது. அம்மா மருதாயி ஓடிவரவில்லை. பாயை விரித்து வைத்துக்கொண்டு தலைமாட்டில் உட்கார்ந்து காத்திருந்தாள். அப்பாவை அவளிடம் ஒப்படைத்துவிட்டு, அம்மா கழுத்தைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, தமிழரசி எழுந்து கொல்லைப்பக்கம் போய்ப் பழைய சட்டையை மாட்டிக்கொண்டு ஸ்பேனர் பையை எடுத்தாள்.

பக்கத்து வீட்டு ரெங்கம்மா அதைப் பார்த்து வாய்மேல் கை வைத்தாள். பெத்த அப்பன் நடுவீட்டில் கிடக்கிறான், மகள் லாரிக்கு அடியில் கிடக்கிறாளே என்று ஒப்பாரிக்கு நடுவிலேயே ஒரு வரி சேர்த்துப் பாடிவிட்டாள். உட்கார்ந்திருந்தவர்கள் மருதாயியின் முகத்தைப் பார்த்தார்கள். மருதாயி கண்ணைத் துடைத்துக்கொண்டு, வேலைக்காரப் புள்ளைக்கு யாராவது ஒரு டம்ளர் டீ கொண்டுபோய்க் கொடுங்கள் என்றாள்.

ஜெகநாதன் வந்தான். மாலையை அப்பா காலடியில் வைத்துவிட்டு லாரியிடம் வந்து நின்றான். பஞ்சாயத்து டிப்பர் சும்மாதான் நிற்கிறது, கேட்டால் கொடுப்பார்கள் என்று தயங்கித் தயங்கிச் சொன்னான். நல்ல மனசோடுதான் சொன்னான். அப்பா இதில்தான் போவார் என்று பானட்டுக்குள்ளிருந்து பதில் வந்தது. அக்காவும் தம்பியும் சேர்ந்து பழைய ஃபேனைக் கழற்றி ஓரமாகப் போட்டிருந்தார்கள். இனி அதைத் திரும்ப மாட்ட நேரமில்லை. புதியது ஓடினால் ஊர்வலம் நடக்கும். ஓடாவிட்டால் ஜெகநாதனின் அம்மாவுக்கு ஆனது அப்பாவுக்கும் ஆகும், அதுவும் அவருடைய சொந்த வண்டியிலேயே, ஊர் முன்னால். அது நடக்க விடக்கூடாது. அவளுக்கு அன்றைக்கு வேறு எந்த யோசனையும் இல்லை.

பிராக்கெட் சரியாக உட்கார்ந்தது. உணர்கம்பியை மேல் குழாய்க்குப் பக்கத்தில் செருகினாள். பேட்டரி வயரை முடுக்கினாள். அன்பழகன் ஒரு பழைய பேப்பரை ரேடியேட்டருக்கு முன்னால் விரித்துப் பிடித்தான். சோதனைக்காகத் திருகை அடிவரைக்கும் இறக்கியதும் ஃபேன் பிடித்துக்கொண்டது. பேப்பர் எகிறி அவன் மூஞ்சியில் அப்பியது.

தமிழரசி அப்படியே பம்பர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரு வயரைத் தப்பாக மாற்றிக் கொடுத்ததில்லை அவள். தன் கையை விரித்துப் பார்த்தாள். அன்பழகன் பேப்பரை மூஞ்சியிலிருந்து பிய்த்துக்கொண்டு சிரித்தான். அப்பா இருந்திருந்தால் இதைப் பொங்கல் வரைக்கும் சொல்லிக் காட்டியிருப்பார் என்றான். சொல்லிக்கொண்டே வந்தவன் தேம்பித் தேம்பி அழ ஆரம்பித்தான். அவனை அழ விட்டுவிட்டு அவள் எழுந்து இரண்டு வயர்களையும் மாற்றிக் கொடுத்தாள். இந்தத் தடவை பேப்பர் ரேடியேட்டரோடு பட்டென்று ஒட்டிக்கொண்டது. அவன் கையை எடுத்தும் விழவில்லை. திருகை அதனுடைய இடத்துக்குக் கொண்டுவந்து வைத்தாள்.

பறைக்காரர்கள் வந்தார்கள். நீர்மாலை எடுத்தாயிற்று. ராக்கப்பனின் சின்னம்மா மகன் ஒச்சப்பன்தான் சடங்குகளுக்கு நின்றவர். அன்பழகனைக் குளித்துவிட்டு வரச் சொன்னார், கொள்ளிச்சட்டி பிடிக்க வேண்டும் என்று.

அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். இத்தனை நேரமும் அன்பு ஓட்டுவான், அன்பு மறந்துவிடுவான் என்று யோசித்தார்களே தவிர, மகன் சட்டியைத் தூக்கிக்கொண்டு வண்டிக்கு முன்னால் நடக்க வேண்டியவன் என்பது இருவருக்குமே தோன்றவில்லை. ஊருக்கெல்லாம் வண்டி ஓட்டிய வீட்டில், தங்களுக்கு யார் ஓட்டுவது என்று ஒருவரும் நினைத்துப் பார்க்கவில்லை.

"நான் ஓட்டுறேன்," என்றாள் தமிழரசி.

அவள் லாரி ஓட்டுவது ஊருக்குப் புதிதில்லை. அன்பழகன் லீவு போட்டால் ஜெட்டியிலிருந்து சிமெண்டு ஏற்றி வருகிறவள் அவள்தான். ஆனால் இது சிமெண்டு இல்லை. பொம்பளைப் பிள்ளை தெருமுனையோடு நின்றுவிட வேண்டும், சுடுகாட்டுக்கு வருகிற வழக்கம் நம்மிடம் கிடையாது என்றார் ஒச்சப்பன். குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். ஆனால் பறை நின்றுவிட்டது. ஜெகநாதன் மறுபடி டிப்பரைப் பற்றி வாயெடுத்தான்.

மருதாயி தலைமாட்டிலிருந்து எழுந்தாள். முட்டியைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"அவ சுடுகாட்டுக்கு வரல தம்பி," என்றாள் ஒச்சப்பனிடம். "வண்டி ஓட்டிக்கிட்டுப் போறா. எறங்க வேண்டியவரு எறங்குனதும் திரும்பி வந்துருவா."

ஒச்சப்பன் பறைக்காரர்களைப் பார்த்துக் கையைக் காட்டினார். மருதாயியிடம் பேசி ஜெயித்தவர்கள் அந்தக் குடியிருப்பிலேயே யாரும் கிடையாது, செத்துக் கிடந்தவர் உட்பட. பறை மறுபடி ஆரம்பித்தது.

முதல் கியர். கிளட்சை விட்டதும் விடாததுமாக வண்டி நகர்ந்தது. முன்னால் கொள்ளிச்சட்டியோடு தம்பியின் ஈர முதுகு. அவனுக்கு முன்னால் பறைக்காரர்கள். லாரியின் பின்னால் பாடையோடு ஏறியிருந்தவர்கள் மாலைகளைப் பிய்த்து கேபினுக்கு மேலாக வீசினார்கள். செவ்வந்தியும் அரளியும் கண்ணாடியில் விழுந்து சரிந்து பானட்டுக்கு முன்னால் போயின. தெருமுனையில் பெண்கள் நின்றுவிட்டார்கள். மருதாயி கையைத் தூக்கவில்லை, வண்டி திரும்புகிறவரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பதினோராம் கிலோமீட்டர் ஏற்றத்தின் அடியில் முள் ஏற ஆரம்பித்தது. பறைக்காரர்களுக்குக் குஷி வந்துவிட்டிருந்தது. நடந்தவர்கள் நின்று நின்று ஆடினார்கள். வண்டி ஊர்ந்தது. வெயில் கண்ணாடியில் அடித்தது. முள் பாதியைத் தாண்டியது. தமிழரசியின் இடது கை தானாக டேஷ்போர்டுக்குப் போனது. அங்கே தட்டுவதற்கு ஒன்றும் இல்லை. வேண்டாம் என்று முடிவு செய்தவள் அவள்தான். கையை ஸ்டீரிங்குக்குத் திரும்பக் கொண்டுவந்தாள். வியர்வை கண்ணில் இறங்கியது. திருகைக் கொஞ்சம் கீழே வைத்திருக்கலாமோ, உணர்கம்பி நழுவிவிட்டதோ, ஒரு சுவிட்சும் வாங்கி வைத்திருக்கலாமே என்றெல்லாம் தோன்றியது. அப்பா சொன்னதைக் கேட்டிருக்க வேண்டுமோ என்றும் தோன்றியது. அதை மட்டும் உடனே தள்ளிவிட்டாள். சரியாகத்தான் செய்திருக்கிறோம், பொறு என்று தனக்கே சொல்லிக்கொண்டாள்.

வண்டிக்குப் பக்கத்தில் நடந்துகொண்டிருந்த ஜெகநாதன் பானட்டையே பார்த்துக்கொண்டு வந்தான். மூடி பறந்த இடம் வந்தது. அவன் தன்னையறியாமல் இரண்டடி தள்ளி நடந்தான்.

பறைச் சத்தத்துக்கு அடியில் கால் பலகை லேசாக அதிர்ந்தது. பிறகு ஒரு ரீங்காரம். முள் நின்றது. கொஞ்சம் யோசித்தது மாதிரி நின்றுவிட்டு, மெள்ளக் கீழே வந்தது. ஜெகநாதன் வண்டியை ஒட்டி மறுபடி வந்து நடந்தான். கேபினைப் பார்க்காமல், பானட்டைக் கையால் ஒரு தட்டுத் தட்டினான். தமிழரசிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அழுதால் ரோடு தெரியாது என்பதால் அழவில்லை. ஏற்றத்தின் உச்சிவரை அதே நடை, அதே கியர். வழியில் இன்ஜின் அணையவில்லை.

சுடுகாட்டில் வண்டியைத் திருப்பி, பின்புறம் மேடையைப் பார்க்க நிறுத்தினாள். பாடை இறங்கியது. பாரம் குறைந்து பின்பக்க ஸ்பிரிங் பட்டைகள் முனகியதை அவள் ஸ்டீரிங்கில் உணர்ந்தாள். சாவியைத் திருப்பி எடுத்தாள். இன்ஜின் ஒரு குலுக்கலோடு அணைந்தது. பறையும் நின்றிருந்தது.

ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த அமைதியில் அது எல்லோருக்கும் கேட்டது. பாடையைத் தூக்கியவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒச்சப்பன், வண்டியை அணைக்க மறந்துவிட்டாயா என்று அங்கிருந்தே கேட்டார். தமிழரசி சாவியைத் தூக்கிக் காட்டினாள்.

"அதுவா நிக்கும் சித்தப்பா," என்றாள். "நீங்க கொண்டு போங்க."

அவர்கள் கொண்டுபோனார்கள். இறங்க வேண்டியவர் இறங்கியாயிற்று, அம்மா சொன்னபடி அவள் திரும்பிவிட வேண்டும். கேபினிலிருந்து இறங்கி, மேடை கண்ணில் படாதபடி லாரிக்கு முன்னால் வந்து நின்றாள். வழியெல்லாம் வீசிய பூக்களில் ஒரு பங்கு கிரில்லில் அப்பியிருந்தது. செவ்வந்தி இதழ்கள், அரளி, மாலையின் ஒரு துண்டு நார். காற்று உள்ளே இழுத்துக்கொண்டிருந்ததால் ஒன்றும் அசையவில்லை. லாரிக்குப் பின்னாலிருந்து ஒச்சப்பன் அன்பழகனுக்கு ஏதோ சொல்லிக்கொடுக்கிற குரல் கேட்டது. பிறகு சட்டி உடைந்த சத்தம் கேட்டது.

அவள் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். ரீங்காரம் தணிந்துகொண்டே வந்து நின்றது. கிரில்லிலிருந்து முதலில் ஓர் இதழ் விழுந்தது. பிறகு இரண்டு மூன்றாக, பம்பர்மேலும் அவள் காலடியிலும் பூக்கள் உதிர்ந்தன.